குளோரி உட்கார்ந்து விற்ற ஓணம்

நம் கடையில் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்ட வேலை நிற்பது. சேலை விரிப்பதும் விலை சொல்வதும் மடிப்பதும் அதற்கு அப்புறம்தான். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு அது இறங்கும்வரை விற்பனைப் பெண்கள் நின்றாக வேண்டும். ஈ காக்கை வராத மதிய வேளையிலும் கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் சிரித்த முகமாக நின்றாக வேண்டும். பணியாளர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. இன்று ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அந்த ஸ்டூல் எப்படி வந்தது என்று உங்களில் ஒருத்தி கேட்க, "முதலாளி வாங்கிப் போட்டிருப்பார்" என்று இன்னொருத்தி பதில் சொன்னதைக் கேட்டேன். வாங்கிப் போட்டது முதலாளிதான், வாஸ்தவம். அவரை வாங்க வைத்தது ஒரு முடக்குவாதக்காரி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். வலியசாலையில் பிறந்து, வலியசாலையிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து நடந்தே கிழக்கேகோட்டைக்கு வேலைக்கு வந்தவள் நான். கடையில் என் பதவிக்குப் பணியாளர் நல அலுவலர் என்று பெயர். அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பது வயதுகூடத் தாண்டாதவளை, சேர்ந்த முதல் வாரத்திலேயே கடை முழுக்க மாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னைவிட எத்தனையோ மூத்தவரான முதலாளியும் மாமி என்றார். எனக்குக் கோபமான கோபம். அப்புறம்தான் அதில் ஒரு சௌகரியம் இருப்பது தெரிந்தது. அலுவலர் அதட்டினால் யூனியன் வரும். மாமி அதட்டினால் யாரும் வர மாட்டார்கள்.

குளோரி பட்டுப் பிரிவில் இருந்தாள். பாறசாலைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சர்ச்சில் பாடுகிறவள், கடையிலும் வாய் சும்மா இருக்காது. சேலை விற்பதில் அவள் பாணியே தனி. மற்றவர்கள் அலமாரி முழுவதையும் இறக்கிக் காட்டுவார்கள். குளோரி முதலில் வந்தவர்களின் குடும்பத்தை விசாரிப்பாள். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி தனக்கென்று அரக்குச் சேலை ஒன்றை எடுத்தபோது குளோரி அதைக் கையிலிருந்தே பிடுங்கினதை நான் பார்த்திருக்கிறேன். "இது வேண்டாம் அம்மா. இதை நீங்க உடுத்தா மாப்பிள்ள வீட்டுக்காரிய கண்ணு உங்க மேலதான் இருக்கும். பின்னே பொண்ண யாரு பாப்பாவ?" என்றாள். அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்து, பெண்ணுக்கு ஒன்று, தனக்கு அதே அரக்கு என்று இரண்டாக வாங்கிப் போனாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பழைய கடையை இடித்துவிட்டுப் புதுக் கட்டிடம் கட்டினோம். லிஃப்ட், ஏசி, கண்ணாடிக் கவுண்டர் எல்லாம் வந்தன. கட்டிடம் திறந்த மறு வருஷம் குளோரிக்கு விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. அப்புறம் மணிக்கட்டு, அதற்கப்புறம் முழங்கால். காலையில் வந்ததும் கைப்பையின் ஜிப்பைத் திறக்கக்கூட இன்னொருத்தி வேண்டும். மதியத்துக்கு மேல் உடம்பு கொஞ்சம் இளகிவிட்டால் பழைய குளோரி திரும்பி வந்துவிடுவாள், பாட்டும் கேலியுமாக. இது ஃப்ளோர் மேனேஜர் சுகுமாரனுக்குப் பிடிபடவே இல்லை.

"மாமி, காலைல நொண்டும், உச்சைக்குப் பாட்டுப் பாடும். இது எந்து அசுகமாக்கும்? வெறும் அபிநயம்!" என்றார். காலையில் நொண்டி மத்தியானம் பாடினால் அது நோயா, நடிப்பு என்பது அவர் கட்சி.

நீங்களும் ஒருநாள் இதே கேள்வியைக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். காய்ச்சல் என்றால் வரும், இருக்கும், போகும். இந்த மாதிரி நீண்ட நாள் நோய்கள் அப்படி இல்லை. வீட்டோடு இருக்கிற மாமியார் போல, ஒருநாள் நல்ல குணத்தில் இருக்கும், ஒருநாள் இருக்காது, ஆனால் ஊருக்குத் திரும்பிப் போகாது. நல்ல வேளையில் ஒருத்தி சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவள் கெட்ட வேளையைப் பொய் என்று சொல்லாதீர்கள்.

காப்பீட்டு ஆஸ்பத்திரி டாக்டர் முடக்குவாதம் என்று சொல்லி மருந்து தொடங்கினார், ஓய்வும் எழுதினார். ஓய்வு எழுதிய நாட்களுக்குக் கடைச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதில் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் நோய்க்காலப் பணம் கொடுக்கும். ஒரே நாளுக்கு இரண்டையும் வாங்கக் கூடாது. அந்தப் பணத்துக்கும் வருஷத்துக்கு இத்தனை நாள் என்று எல்லை உண்டு. எல்லாவற்றுக்கும் ஆதாரம் காப்பீட்டு அட்டை. சம்பளத்திலிருந்து பிடித்தம் போய்க்கொண்டிருந்தால்தான் அந்த அட்டைக்கு உயிர். வேலை போனால் பிடித்தம் போகும், பிடித்தம் போனால் அட்டை போகும், அட்டை போனால் ஆஸ்பத்திரி மருந்து போகும். குளோரியின் மருந்தோ சாகும்வரை சாப்பிட வேண்டிய மருந்து. வெளியில் காசு கொடுத்து வாங்க அந்தக் குடும்பத்துக்குச் சக்தி இல்லை. ஆக, அவள் வேலை வெறும் வேலை இல்லை. அவள் எழுந்து நடமாடுவதே அதில்தான் இருந்தது.

சில மாதத்தில் மருந்து வேலை செய்தது. வலி குறைந்தது, முகம் தெளிந்தது. டாக்டர், "வேலைக்குப் போகலாம், ஆனால் நிற்கக் கூடாது" என்றார். அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. நம் கடையில் நிற்காத வேலை எது?

நான் தேடாத இடமில்லை. தையல் பிரிவில் கேட்டேன். ஊசி பிடிக்க விரல் மடங்காது. பில் போடும் இடத்தில் கேட்டேன். அங்கே நாள் முழுக்க விரலால் தட்ட வேண்டும். "எனக்கு வாயி மட்டுந்தான் மாமி மிச்சம். வாயை வச்சு செய்யுத வேலை ஏதாவது இருக்கா பாருங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை வைத்துச் செய்கிற வேலை விற்பனைதான், அதற்கோ நிற்க வேண்டும்.

முதலாளியிடம் போனேன். பட்டுப் பிரிவில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போடலாமா என்று கேட்டேன். முதலாளி திருநெல்வேலிக் குடும்பம். நல்ல மனுஷர், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் அவர் கைதான் நீளும். ஆனால் புதுக் கட்டிடம் என்று வந்துவிட்டால் மட்டும் அவர் வேறு ஆள்.

"மாமி, நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா வாரவங்க என்ன நெனப்பாங்க? நாம வந்து நிக்கோம், இவ உக்காந்துக்கிட்டு சேலை காட்டுதாளேன்னு நெனப்பாங்கள்லா? பெரிய பெரிய ஊருக் கடையெல்லாம் போய்ப் பாத்துட்டுத்தானே இதக் கட்டினேன். எங்கயும் ஒருத்தி உக்காந்து பாக்கல. ஓணம் முடியட்டும், பாத்துக்கிடுவோம்" என்றார்.

ஓணம் முடிகிற சமயத்தில் குளோரியின் நோய்க்காலப் பணத்தின் எல்லையும் முடியும். அது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன், காதில் விழுந்ததா என்பது சந்தேகம். ஓண வியாபாரம் தொடங்கிவிட்டால் முதலாளியின் காதில் கல்லாச் சத்தம் தவிர வேறு எதுவும் விழாது.

அந்த வாரம் குளோரி என் அறைக்கு வந்து, வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். "எத்தன நாளு உங்களச் சங்கடப்படுத்துவேன் மாமி. எழுதித் தந்துட்டுப் போறேன்."

"எழுதுவியா நீ? பேனா பிடிக்க முடியாதவ ராஜினாமா எழுத வந்துட்டா. வாயை மூடிண்டு ஆத்துக்குப் போ. லீவு இருக்கற வரைக்கும் நீ இந்தக் கடை ஸ்டாஃப். உன்னை யாரும் எடுத்தெறிய முடியாது. நீயா போய் விழாதே, கேட்டியா?" என்று கத்தினேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்ன வழி என்று எனக்கும் தெரியவில்லை.

நம் கடையில் ஓணத்துக்கு முன்னால் ஸ்டாஃப் எல்லோருக்கும் ஓணக்கோடி கொடுப்பது வழக்கம், அதாவது பண்டிகைப் புதுத்துணி. லீவில் இருக்கிறவர்களும் வந்து முதலாளி கையால் வாங்கிப் போக வேண்டும். இதில் மட்டும் முதலாளி கண்டிப்பானவர். குளோரியும் வந்தாள், தம்பானூரில் பஸ் இறங்கி, பண்டிகைக் கூட்டத்துக்குள் மெல்ல மெல்ல நடந்து.

அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. ஆவணி மாதம் வேறு, கல்யாணக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. முதலாளி கீழ்த்தளத்தில் மாட்டிக்கொண்டார். குளோரியை எங்கே உட்கார வைப்பது? பட்டுப் பிரிவின் ஓரத்தில், ஒரு திரைக்குப் பின்னால், விரித்த சேலைகளை மடிக்கிற இடம் உண்டு. பழைய கடையில் முதலாளியின் அப்பா காலத்து வியாபார மேடை ஒன்றை அங்கே போட்டு வைத்திருந்தோம். கட்டில் உயரப் பலகை, மேலே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள் என்று சொல்லிவிட்டு, அவளுடைய ஓணக்கோடிப் பொட்டலத்தை எடுத்துவர நான் கீழே போனேன்.

கூட்டத்தில் நான் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பட்டுக் கவுண்டரில் கூட்டம் குறைந்திருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. திரையை விலக்கினேன்.

மேடை முழுக்கப் பெண்கள். நடுவில் குளோரி. கவுண்டர் முன்னால் நின்று நின்று கால் கடுத்துப்போன ஒரு அம்மாள் கொஞ்சம் உட்காரலாமா என்று திரைக்குள் நுழைந்திருக்கிறாள். குளோரி இடம் கொடுத்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டிருக்கிறாள். கேட்டால் முடிந்தது. மடிக்க வைத்திருந்த குவியலிலிருந்து ஒன்றைக் காட்டியிருக்கிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, அவள் பின்னால் அவள் நாத்தனார். இப்போது எல்லோர் மடியிலும் பட்டு. "இந்தப் பச்சை உங்களுக்கு இல்ல சேச்சி, உங்க மருமவளுக்கு. உங்களுக்குள்ளது உங்க மடியில இருக்கு, நீலம்" என்று குளோரி விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மறு கணம்தான் உறைத்தது. இவள் ஓய்வு எழுதிய நாளில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். இதை யாராவது...

"குளோரி அல்லே?" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். காப்பீட்டு அலுவலகத்து ஆபீசர். குளோரியின் காகிதங்கள் போவதே அவர் மேசைக்குத்தான். மேடைமேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி அவர் மனைவி, மடியில் நீலம் வைத்திருந்த அதே சேச்சி. மனைவியைத் தேடி வந்திருக்கிறார் மனுஷர்.

குளோரி முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சுகுமாரன் பாய்ந்து வந்தார். அபிநயம் என்று சொன்ன அதே சுகுமாரன். குளோரியைக் காப்பாற்றுகிறாராம்.

"சாரே, ஆ குட்டி இவிடத்தெ ஸ்டாஃப் அல்ல!" என்றார் கும்பிட்டபடி. நம் கடை ஆளே இல்லையாம்.

அன்பினால் சொன்ன பொய்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, அந்த ஆபீசரிடம் சொல்லக் கூடாத ஒரே பொய் அதுதான். ஸ்டாஃப் இல்லை என்றால் அட்டை எப்படி வந்தது? இத்தனை மாதம் பணம் எதற்குப் போனது? அந்த ஒரு வாக்கியம் நின்றுவிட்டால் குளோரியின் வேலை, அட்டை, மருந்து எல்லாம் அந்த நிமிஷமே போய்விடும்.

யோசிக்க நேரமில்லை. சுகுமாரன் சொன்னதற்குத் தலையாட்டலாம். சும்மா பொழுதுபோக்காக உட்கார்ந்திருந்தாள் என்று மழுப்பலாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சலாம். மூன்றிலும் குளோரி தப்புச் செய்தவளாகத்தான் ஆவாள். என் கையில் அவள் ஓணக்கோடி. அதை அவள் மடியில் வைத்தேன்.

"சார், சுகுமாரன் பயத்துல தப்பாச் சொல்றார். இவ எங்க ஸ்டாஃப்தான். ஓணக்கோடி வாங்க வந்தா. உக்காத்தி வச்சது நான். உக்காந்த எடத்துல வாய் சும்மா இருக்கலை, வித்துட்டா. யாரும் சொல்லிச் செய்யலை, ஆனாலும் வேலை வேலைதான். இன்னிக்கு அவ வேலை பார்த்த நாள். இன்னிக்கு உள்ள சம்பளம் நாங்க கொடுக்கறோம், இன்னிக்கு உள்ள நோய்ப் பணம் நீங்க கொடுக்க வேண்டாம். நாளைக்குக் காலைல நானே வந்து எழுதித் தந்துடறேன்" என்றேன்.

ஆபீசர் என்னையே பார்த்தார். கொஞ்சம் முறைப்பான ஆள்தான் அவர். பிறகு குளோரியைப் பார்த்தார். "இவ்வளவு சேலை எடுத்துக் காட்ட முடியும்னா, பின்னே எதுக்காக்கும் லீவு?"

அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி குறுக்கே வந்தார். "அய்யோ சேட்டா, ஆ குட்டி ஒண்ணும் எடுத்ததில்ல. கை பொங்கில்ல அதுக்கு. அது விரல் காட்டும், எடுத்தது முழுக்க ஞங்களாக்கும். அந்த நீலம் எடுக்க ஞான் ஏணியில கேறி!"

பார்த்தால் உண்மைதான். அலமாரியில் ஏணி சாய்ந்து நின்றது. கை தூக்க முடியாத குளோரிக்கு, வாங்க வந்தவர்களே எடுத்துக் கொடுத்து, விரித்து, மடித்தும் வைத்திருக்கிறார்கள். இன்னொரு அம்மாள் மடிப்பில் தான் கெட்டிக்காரி என்று காட்ட, மடித்த சேலையைத் தூக்கிக் காட்டினாள்.

ஆபீசர் ஏணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "வீட்டுல ஒரு கிளாஸ் வெள்ளம் கேட்டா எழுந்திருக்காத ஆளு நீ. இங்க ஏணியில கேறினியா?"

"வீட்டிலயும் இதுபோல பட்டு வச்சு நோக்கு. கேறாம்" என்றார் அந்த அம்மாள்.

மேடை முழுக்கச் சிரிப்பு. குளோரிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு கேட்டுத்தான் முதலாளி, என்னடா இது என்று திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஆபீசர் முகத்தில் சிரிப்பு வந்தும் வராமலும் இருந்தது. குளோரியிடம் இப்போது வேறு குரலில் கேட்டார். "ஜோலிக்கு வர விருப்பம் உண்டா?"

"உண்டு சார். எனக்க ஜீவனே இதுலதான் கெடக்கு. நிக்க மட்டும் முடியாது. இங்க உக்காரப் பாடில்ல" என்றாள்.

உட்காரக் கூடாது என்பதை அவள் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஆபீசர் முதலாளி பக்கம் திரும்பினார். "டாக்டர் நிற்கப் பாடில்லன்னாக்கும் எழுதினது. உட்காரப் பாடில்லன்னு எழுதினது யாரு?"

முதலாளி வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம். "இல்ல சார், வாரவங்க என்ன நெனப்பாங்கன்னுதான்..."

"வந்தவங்க இங்கதானே இருக்கோம். எங்கக்கிட்டயே கேளுங்களேன்" என்றாள் மேடையிலிருந்த தமிழ் அம்மாள் ஒருத்தி. "உங்க கவுண்டர் முன்னால நின்னு நின்னு எனக்கே காலு ஒடிஞ்சு போச்சு. உக்காந்து சேலை பாத்து எத்தன வருஷம் ஆச்சு!"

முதலாளி அந்த மேடையைப் பார்த்தார். மெத்தையையும், அதன்மேல் குவிந்து கிடந்த பட்டையும், ஒவ்வொரு மடியிலும் எடுத்து வைத்திருப்பதையும் பார்த்தார். வியாபாரி கண் அல்லவா, எத்தனை பில் என்று மனசுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. இதுதான் சமயம் என்று நானும் வாயைத் திறந்தேன்.

"உங்க அப்பா இதே மேடையிலதானே வியாபாரம் பண்ணினார்? அவர் நின்னு வித்து நீங்க பார்த்திருக்கேளா?"

முதலாளி மெத்தை விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். "எங்கப்பா எந்திரிச்சு நின்னே நான் பாத்ததில்ல மாமி. சாப்பாடுகூட அதுலதான்." குளோரியைப் பார்த்து, "நீ எப்ப வருதே?" என்றார்.

ஓணம் கழிந்து வரட்டும் என்று அவரே சேர்த்துச் சொல்வதற்குள், லீவு முடியும் முன்னமே வருவாள் என்று நான் சொல்லிவிட்டேன். மறு நாள் காலையில் சொன்னபடி அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு நாளை எழுதிக் கொடுத்தேன். அந்த நாளுக்கு நோய்ப் பணம் நின்றது, நாங்கள் சம்பளம் கொடுத்தோம். ஆபீசர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "மாமி அந்த நேரம் வேறே ஏதாவது சொல்லியிருந்தா எனக்கு வேறே வழி இல்லாமல் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

டாக்டரிடம் குளோரியோடு நானே போனேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி என்று எழுதித் தந்தார். காலையில் உடம்பு இளக நேரம் வேண்டும் என்பதால் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்று முதலாளியிடம் பேசி முடித்தேன். நோய் கூடுகிற நாளில் இழுத்துப் பறித்துக்கொண்டு வரக் கூடாது, டாக்டரிடம் போய் ஓய்வு எழுதி வாங்க வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வந்த நாளுக்குச் சம்பளம், எழுதின நாளுக்குக் காப்பீட்டுப் பணம், ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. அதன்பின் எத்தனையோ தரம் அவளுக்கு நோய் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது. கூடும்போது போனாள், குறைந்தபோது வந்தாள். குணமான பிறகு வா என்று நான் சொல்லியிருந்தால் அவள் வந்தே இருக்க மாட்டாள். நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள். இந்த வேலையில் எதை உன்னால் செய்ய முடியும் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்த நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. மேடையைத் திரைக்குப் பின்னாலிருந்து பட்டுப் பிரிவின் நட்ட நடுவுக்குக் கொண்டுவந்து, புது விரிப்புப் போட்டிருந்தார்கள். முதலாளி ஊதுபத்தி வேறு ஏற்றி வைத்திருந்தார், என்னவோ புதுக் கடை திறக்கிற மாதிரி. குளோரி ஓணக்கோடியை உடுத்திக்கொண்டு வந்தாள். மேடையில் உட்கார்ந்ததும் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பயம்தான். பொறாமை வந்துவிட்டால்? வந்ததுதான். ஒருத்தி வாய்விட்டே சொன்னாள், "எங்களுக்கும் கால் இருக்கே மாமி, அதுக்கும் வலிக்குமே."

"வலிக்கும்டி, யார் இல்லைங்கறா?" என்றேன். அதைத் திருப்பித் திருப்பி முதலாளி காதில் போட்டு அந்த ஸ்டூல்களை வாங்கிப் போட வைக்க எனக்கு அடுத்த ஓணம்வரை ஆயிற்று. அது தனிச் சண்டை.

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம். சுகுமாரன் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோந்து வந்தார். அன்றைக்குச் சொன்ன பொய்க்காக நான் விட்ட டோஸில் அவர் இன்னும் என் கண்ணைப் பார்க்கவில்லை. குளோரி விரிப்பைத் தட்டினாள்.

"சாரே, கொஞ்சம் இரிங்க. அஞ்சு நிமிசம்."

"ஏய், ட்யூட்டி டைம்" என்றார். அக்கம்பக்கம் பார்த்தார். பின் சும்மா விளிம்பில் சாய்வதுபோல் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்தார். எத்தனை வருஷமாக அந்தத் தளத்தில் நின்ற கால்களோ. கண்ணை மூடி, "எண்டம்மே..." என்று ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், பட்டுப் பிரிவே குலுங்கிச் சிரித்தது. அப்புறம் அவரை எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சாயங்காலம் நான் கிளம்பும்போது குளோரியும் கூடவே இறங்கினாள். அவளைத் தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நானும் நடந்தேன். முன்பெல்லாம் பாறசாலை பஸ் வந்தால் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டாவது சீட் பிடிப்பாள். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். நாள் முழுக்க நின்ற கால் பஸ்ஸிலும் நிற்காது. அன்று பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. குளோரி அசையவில்லை.

"மாமி, கேட்டீளா" என்று என் கையைப் பிடித்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது, வாய் முழுக்கச் சிரிப்பு. "இன்னைக்கு எனக்கு சீட் வேண்டாம். இன்னைக்கு நான் நின்னே போவேன்."

மாமி அல்லவா, அதட்டாமல் இருக்க முடியுமா? "ஒதை வாங்குவே! சீட் கெடைச்சா மரியாதையா உக்காரு. நாளைக்கும் வேலைக்கு வரணுமோல்லியோ?"

"வருவேன் மாமி. நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.